தினமும் நடந்தால் மார்பகப் புற்றுநோய் வராதா?

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால், நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 47 வயது. அம்மாவின் தங்கைக்கு 58 வயதில் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடித்து, சிகிச்சை முடிந்து, இப்போது மாத்திரையில் இருக்கிறார். "தினமும் 40 நிமிடம் நடக்கிற பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் வரவே வராது" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றியிருக்கிறது. அது உண்மையா, எவ்வளவு நடக்கணும், காலையிலிருந்து ராத்திரி வரை செய்கிற வீட்டு வேலை கணக்கில் வராதா, முழங்கால் வலியோடு எப்படி நடப்பது, சித்தியும் நடக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை கேள்விக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குப் படுகிறது: ஒழுங்காக நடந்துவிட்டால் எனக்கு வராது என்று நிம்மதியாக இருக்கலாமா? அதற்கு என் பதில்: நடந்தால் ஆபத்து குறையும், அதில் எனக்குப் பெரிய சந்தேகமில்லை. ஆனால் குறைவது கொஞ்சம்தான். வரவே வராது என்று சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

நான் சமூக மருத்துவம் படித்தவள். பெண்களுக்கான புற்றுநோய் கண்டறியும் முகாம்களிலும் புறநோயாளிப் பிரிவிலும் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். புற்றுநோய்க்கு மருந்து கொடுக்கிற நிபுணர் இல்லை. அதனால் உங்கள் பாதிக் கேள்விகளுக்குத் தைரியமாகவும், சித்தியைப் பற்றியதற்குக் கொஞ்சம் அடக்கியும்தான் பதில் சொல்வேன்.

நடையை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் குறைவு. அதில் எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வு. மாதவிடாய் நின்றுபோன 73,615 பெண்களை 1992 முதல் 2009 வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 4,760 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆய்வில் இருந்தவர்களில் 47 சதவீதம் பேர் நடப்பதைத் தவிர வேறெந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்கள். ஜிம்மும் கிடையாது, நீச்சலும் கிடையாது, நடை மட்டும்தான். அவர்களுக்குள் வாரத்துக்கு 7 மணி நேரமும் அதற்கு மேலும் நடந்தவர்களுக்கு, 3 மணி நேரமும் அதற்குக் கீழும் நடந்தவர்களைவிட 14 சதவீதம் ஆபத்து குறைவாக இருந்தது. 2013ல் இது வெளியானபோது பத்திரிகைகள் 14 சதவீதத்தை எழுதின, 7 மணி நேரத்தை எழுதின, யாரோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பல இடங்களில் விட்டுவிட்டார்கள். ஒப்பிட்டது நடக்கவே நடக்காதவர்களோடு இல்லை, கொஞ்சம் நடக்கிறவர்களும் சேர்ந்த கூட்டத்தோடு. வேகமான பயிற்சிகளையும் சேர்த்து மிக அதிகமாக இயங்கிய பெண்களுக்கு 25 சதவீதம்வரை குறைந்திருந்தது. இன்னொன்றும் அதில் தெரிந்தது: உடல் பருமனாக இருந்தவர், ஒல்லியாக இருந்தவர் என்று பலன் பெரிதாக வேறுபடவில்லை. எடை குறையவில்லையே என்று நடையை நிறுத்துகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நீண்டகால ஆய்வும் இதே பக்கம்தான் சாய்கிறது. 95,396 பேரை 20 வருடம் பார்த்ததில், தினமும் ஒரு மணி நேரம் வேகமாக நடப்பதற்குச் சமமாக இயங்கியவர்களுக்கு சுமார் 15 சதவீதம் குறைவு. மாதவிடாய் நிற்கிற சமயத்தில் அசையாமல் இருந்துவிட்டு அதற்குப் பிறகு நடக்கத் தொடங்கியவர்களுக்கும் 10 சதவீதம் குறைந்தது. 47 வயதில் தொடங்கி என்ன பிரயோஜனம் என்று நீங்கள் நினைத்திருந்தால் பதில் இங்கே இருக்கிறது. 2016ல் 14.4 லட்சம் பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆய்விலும் மார்பகப் புற்றுநோய்க்கு வந்த எண் 10 சதவீதம். வெவ்வேறு நாட்டில், வெவ்வேறு ஆட்கள், வெவ்வேறு முறையில் அளந்தும் 10க்கும் 15க்கும் நடுவிலேயே திரும்பத் திரும்ப வந்து நிற்பதால்தான் இதை நான் நம்புகிறேன்.

இப்போது அந்த 14 சதவீதத்தை நம்முடைய கணக்கில் போட்டுப் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் புற்றுநோய்ப் பதிவேடு 2020ல் சொன்னபடி, நம் நாட்டுப் பெண்களில் 29 பேரில் ஒருவருக்கு 74 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும். நகரங்களில் இன்னும் கூடுதல், கிராமங்களில் குறைவு. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால் 34 பேர். அந்த ஆயிரம் பேரும் வாழ்க்கை முழுக்க நன்றாக நடந்தால், ஆய்வுகள் சொல்வது நமக்கும் அப்படியே பொருந்தும் என்று வைத்துக்கொண்டால், 34 என்பது 30 ஆகலாம். நாலு பேர் தப்பித்தார்கள். 966 பேருக்கு எப்படியும் வந்திருக்காது. 30 பேருக்கு நடந்தும் வரும். "டெய்லி வாக்கிங் போவேன் டாக்டர், எனக்கு எப்படி?" என்று அதிர்ந்துபோய்க் கேட்கிற பெண்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த 30 பேர் இவர்கள்தான். தான் எதையோ ஒழுங்காகச் செய்யவில்லை என்ற குற்ற உணர்ச்சியோடு உட்கார்ந்திருப்பார்கள். வாட்ஸப் செய்தி மீது எனக்கு இருக்கிற கோபமே அதனால்தான். நாலு பேர் என்பது உங்கள் ஒருவருக்குச் சின்ன எண்தான். 2022ல் மட்டும் இந்தியாவில் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்தது, 98 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்று உலக அளவிலான மதிப்பீடு சொல்கிறது. அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் எத்தனை வீடு என்று கணக்குப் போடுங்கள். என்னைப் போன்றவர்கள் நடங்கள் நடங்கள் என்று சொல்லிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் அந்தப் பெரிய எண்.

ஏன் குறைகிறது என்பது கேட்க வேண்டிய கேள்வி, நீங்கள் கேட்கவில்லை என்றாலும். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளர்பவை. மாதவிடாய் நின்றதும் சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை நிறுத்திவிடுகிறது. அத்தோடு உடம்பில் ஈஸ்ட்ரோஜன் தீர்ந்துபோவதில்லை. ஆலையை இழுத்து மூடிய பிறகும் ஊருக்குள் குடிசைத்தொழிலாக அதே சரக்கு தயாராவதுபோல, கொழுப்புத் திசு அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அங்கே இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி, அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் உற்பத்தியும் கூடும். இன்னொரு பக்கம், கல்லீரல் ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது. அது ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கட்டி வைக்கும், கட்டுண்ட ஹார்மோன் செல்லுக்குள் போய் வேலை செய்ய முடியாது. ரத்தத்தில் இன்சுலின் அதிகமாக இருந்தால் கல்லீரல் அந்தப் புரதத்தைக் குறைத்துவிடும். சுகர் வருவதற்கு முன்னாலேயே, தொப்பை போடுகிற வருடங்களிலேயே, நம்மில் பலருக்கு இன்சுலின் ஏறிப்போய் இருக்கும். இன்சுலினே செல்களைப் பெருகச் சொல்லித் தூண்டக்கூடியதும்கூட. நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன, இன்சுலின் தேவை குறைகிறது. தொடர்ந்து நடந்தால் வயிற்றுக் கொழுப்பும் கரைகிறது. அப்போது இரண்டு வழியிலும் ஈஸ்ட்ரோஜனின் ஆட்டம் அடங்குகிறது.

இது வெறும் ஊகமா, அளந்து பார்த்தார்களா என்றால், அளந்திருக்கிறார்கள். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மாதவிடாய் நின்ற, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 320 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஒரு வருடம் வாரம் 225 நிமிடம் பயிற்சி. மறு பாதி வழக்கம்போல. சாப்பாட்டை யாரும் மாற்றவில்லை. வருடக் கடைசியில் பயிற்சி செய்தவர்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் சில சதவீதம் இறங்கியிருந்தது, கட்டிவைக்கும் புரதம் கொஞ்சம் ஏறியிருந்தது. வாரம் 5 நாள் என்று சொல்லியிருந்தும் சராசரியாக 3.6 நாள்தான் செய்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், நாலு நாள் போய்விட்டு மூணு நாள் விட்டுவிடுகிற நமக்கு அது ஒரு ஆறுதல். அதே குழு பிறகு 400 பெண்களிடம் வாரம் 150 நிமிடத்தையும் 300 நிமிடத்தையும் ஒப்பிட்டது. 300 நிமிடம் செய்தவர்களுக்குக் கொழுப்பு அதிகமாகக் குறைந்தது. அமெரிக்காவின் சியாட்டிலில் பருமனான 439 பெண்களிடம் நடந்த சோதனை மட்டும் கொஞ்சம் கசப்பான முடிவு சொன்னது: பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் இறங்கியது சொற்பம், சாப்பாட்டைக் குறைத்து எடையையும் குறைத்தவர்களுக்குத்தான் நன்றாக இறங்கியது. வாக்கிங் முடித்த கையோடு மூணு பேராக உட்கார்ந்து பொங்கல் வடை சாப்பிடும் கூட்டத்துக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு, யாரும் ரசித்ததில்லை.

இனி சந்தேகமான பகுதி. மேலே சொன்ன குலுக்கல் சோதனைகள் அளந்தது ஹார்மோனையும் கொழுப்பையும். புற்றுநோயையே அளந்த குலுக்கல் சோதனை இல்லை. அப்படி ஒன்று நடத்த வேண்டுமென்றால் பல்லாயிரம் பெண்களில் பாதிப் பேரை நடக்கச் சொல்லி, மீதிப் பேரை நடக்காதே என்று சொல்லி இருபது வருடம் காத்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியமில்லை. ஆகவே 14 சதவீதம், 10 சதவீதம் எல்லாம் தாங்களாகவே நடந்தவர்களையும் நடக்காதவர்களையும் பார்த்துச் சொன்ன எண்கள். தானாக நடக்கப் போகிற பெண் வேறு பல விஷயங்களிலும் வித்தியாசமானவர். கொஞ்சம் படித்தவராக இருப்பார், புகையும் மதுவும் குறைவாக இருக்கும், சாப்பாட்டில் கவனமாக இருப்பார். ஆய்வாளர்கள் இதையெல்லாம் கணக்கில் கழித்துவிட்டுத்தான் எண்ணைச் சொல்கிறார்கள், ஆனால் முழுதாகக் கழித்துவிட முடியாது. வேடிக்கை என்னவென்றால் எதிர்த்திசையிலும் ஒரு கோளாறு உண்டு. இப்படிப்பட்ட பெண்கள் மேமோகிராமும் (மார்பகத்துக்கான எக்ஸ்ரே பரிசோதனை) ஒழுங்காக எடுப்பார்கள், அதனால் அவர்களிடம் நோய் அதிகமாகக் கண்டுபிடிக்கப்படும், நடையின் பலன் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். பிறவி மரபணுக்களை வைத்து உடல் இயக்கத்தை மதிப்பிட்டுப் பார்த்த புதுமாதிரி ஆய்வு ஒன்று 2022ல் வந்தது. 1.3 லட்சம் பெண்களின் தரவு. இயற்கையிலேயே அதிகம் இயங்கும் உடல்வாகு உள்ளவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் குறைவு என்றே அதுவும் சொன்னது. இதனால் காரண காரியத் தொடர்பு உண்டு என்கிற என் நம்பிக்கை கூடியிருக்கிறது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் 2018ல் கொடுத்த தரவரிசையில் இது 'அநேகமாக உறுதி' என்ற படியில் இருக்கிறது, 'ஐயமற உறுதி' என்பதற்கு ஒரு படி கீழே. நானும் அதே படியில்தான் நிற்கிறேன்.

இதைவிட எனக்குப் பெரிய தயக்கம் வேறொன்றில். மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை மேற்கத்திய நாடுகளில், மாதவிடாய் நின்ற பெண்களிடம் நடந்தவை. நம் நாட்டில் இந்த நோய் சராசரியாகப் பத்து வருடம் முன்கூட்டியே வருகிறது. நாற்பதுகளில் வருகிறவர்கள் ஏராளம், அவர்களில் பலருக்கு மாதவிடாய் இன்னும் நிற்கவில்லை. சினைப்பை வேலை செய்துகொண்டிருக்கும்போது கொழுப்பில் தயாராகும் ஈஸ்ட்ரோஜன் பெரிய விஷயமே இல்லை. உண்மையைச் சொன்னால், மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோய் பருமனான பெண்களுக்குக் கொஞ்சம் குறைவாக வருவதாகவே பல பெரிய ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த வயதில் பலன் தருவதாக ஓரளவு தெளிவாகத் தெரிவது மூச்சிரைக்கச் செய்கிற கடும் பயிற்சி. மெதுநடைக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. ஹார்மோனுக்கு மசியாத, 'ட்ரிப்பிள் நெகட்டிவ்' என்று சொல்கிற வகையும் மேற்கு நாடுகளைவிட இங்கே அதிகம், அதில் நடையின் பலன் எவ்வளவு என்பது குழப்பமாகவே இருக்கிறது. நீங்கள் 47ல் இருக்கிறீர்கள். நம் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது சராசரியாக 46, 47ல். அதாவது நடையின் பலன் தெளிவாகத் தெரியத் தொடங்குகிற வாசலில் நிற்கிறீர்கள்.

இன்னொரு விஷயம் பிரான்சிலிருந்து. 59,308 பெண்களிடம் நடந்த ஆய்வு, 2014ல் வெளியானது. வாரம் 4 மணி நேர நடைக்குச் சமமாகக் கடந்த நாலு வருடம் இயங்கியவர்களுக்கு 10 சதவீதம் குறைவு. அதற்கு முன்னால் சில வருடம் அப்படி இயங்கிவிட்டுப் பிறகு நிறுத்தியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை. காலேஜில் கபடி ஆடினேன், கல்யாணத்துக்கு முன் தினம் சைக்கிள் ஓட்டினேன் என்பதெல்லாம் இந்த நோய்க்குச் சேமிப்புக் கணக்கில் இருக்காதாம். நடக்கிற வரைக்கும் பலன். இது ஒரு ஆய்வின் முடிவுதான் என்றாலும், மேலே சொன்ன ஹார்மோன் கணக்கோடு ஒத்துப்போகிறது. கொழுப்பும் இன்சுலினும் திரும்ப ஏறினால் எல்லாமே பழைய நிலைக்கு வந்துவிடும் அல்லவா. ஆகவே ஜனவரியில் ஷூ வாங்கி மார்ச்சில் விடுகிற 60 நிமிடத்தைவிட, வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கிற 30 நிமிடம்தான் உங்களுக்கு வேண்டியது.

வீட்டு வேலைக்கு வருவோம். இந்தக் கேள்வியைக் கேட்கிற பெண்ணை வீட்டிலிருக்கும் ஆண்கள் கேலி செய்வதைப் பார்த்திருக்கிறேன், அது நியாயமில்லை. சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் மார்பகப் புற்றுநோய் வந்த ஏறத்தாழ 1,800 பெண்களையும் வராத அதே அளவு பெண்களையும் ஒப்பிட்டு 2009ல் ஒரு ஆய்வு வெளியானது. வீட்டு வேலையில் அதிகம் உழைத்தவர்களிடம் நோய் குறைவாக இருந்தது. நோய் வந்த பிறகு பழைய நாட்களை நினைவுகூர்ந்து சொன்ன பதில்களை வைத்துச் செய்தது என்பதால் அதன் எண்களை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் உழைப்பு எங்கே நடந்தாலும் தசைக்கு ஒன்றுதான் என்பதில் சந்தேகமில்லை. கேள்வி, உங்கள் வேலை எந்த வகை என்பது. குடத்தில் தண்ணீர் தூக்குவது, கல்லில் துணி துவைப்பது, ஆட்டுக்கல்லில் மாவாட்டுவது, குனிந்து வீடு முழுக்கத் துடைப்பது எல்லாம் நிஜமான உடற்பயிற்சி. அடுப்பு முன்னால் நின்று தாளிப்பது, மிக்ஸி ஓடும்போது பக்கத்தில் நிற்பது, வாஷிங் மெஷினிலிருந்து எடுத்து உலர்த்துவது, காய் நறுக்குவது எல்லாம் களைப்பைத் தரும், இதயத் துடிப்பை ஏற்றாது. நாள் முழுக்க நின்றதால் வரும் கால்வலியை உடற்பயிற்சி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வேலை செய்யும்போது பேசவும் முடிகிறது, பாடவும் முடிகிறது என்றால் அது லேசான வேலை. பேச முடியும், பாட முடியாது என்றால் நடுத்தரம், நமக்கு வேண்டியது அது. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்களிடம் நான் வாக்கிங் போகச் சொல்வதில்லை, அவர்களுக்கு வேண்டியது ஓய்வு.

எவ்வளவு நடக்க வேண்டும் என்பதற்கு, உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், நடுத்தர வேகம். மேலே சொன்ன ஆய்வுகளை வைத்துப் பார்த்தால் மார்பகப் புற்றுநோய்க்கு 300 பக்கம் போவது நல்லது, 150ல் தொடங்குங்கள். நிமிடத்துக்கு 100 காலடி என்பது நடுத்தர வேகத்துக்கு ஒரு தோராயக் கணக்கு. கையில் மொபைலில் நேரம் பார்த்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள், பூங்காவில் அரட்டை அடித்துக்கொண்டு நடக்கும்போது அதற்குக் கீழே இருப்பது தெரியும். ஒரே மூச்சாக நடக்க வேண்டியதில்லை, பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்தாலும் சேர்ந்துகொள்ளும். 10,000 காலடி என்பது 1965ல் ஜப்பானில் ஒரு காலடி எண்ணும் கருவியை விற்பதற்காகப் பிரபலமான எண், மருத்துவம் கண்டுபிடித்தது இல்லை. எட்டுப் போட்டு நடந்தால் புற்றுநோய் போகும் என்று இன்னொரு செய்தி உங்களுக்கு வந்திருக்கும், வந்திருக்காவிட்டால் வரும். மொட்டை மாடியில் எட்டு வடிவத்தில் நடப்பதும் நடைதான், தெருவில் நாய்த் தொல்லையும் இருட்டும் உள்ளவர்களுக்கு நல்ல வழிகூட. ஆனால் எட்டு என்பதில் தனி மகிமை எதுவும் இல்லை, அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் வேகம் குறையும், உங்கள் முழங்காலுக்கும் அது ஆகாது. நேர்த்தளத்தில், பின்பக்கம் வார் உள்ள செருப்போ ஷூவோ போட்டு, பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நடந்த மறுநாள் காலையிலும் வலி கூடுதலாக இருந்தால் அளவைக் குறையுங்கள். வீக்கம் இருந்தால், முட்டி மடங்காமல் பிடித்துக்கொண்டால், எலும்பு மருத்துவரைப் பார்த்துவிட்டு நடங்கள். நின்ற இடத்தில் ஓட்டும் சைக்கிளும் இதே பலனைத் தரும்.

சித்திக்கு வந்ததால் உங்களுக்கு எவ்வளவு ஆபத்து என்று நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் எழுத்தில் தெரிகிறது. அம்மா, அக்கா தங்கை, மகள் ஆகியோரில் ஒருவருக்கு வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. சித்தி அதற்கு அடுத்த வட்டம். 58 வயதில் ஒரே ஒருவருக்கு என்றால் கூடுவது கொஞ்சமே. மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருவது 5 முதல் 10 சதவீதம்தான். அம்மா வழியிலோ அப்பா வழியிலோ 50 வயதுக்கு முன்னால் யாருக்காவது வந்திருந்தால், சினைப்பைப் புற்றுநோய் இருந்திருந்தால், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் கதை வேறு, மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும். பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள பிஆர்சிஏ (BRCA) மரபணுவில் கோளாறு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் வரும் வாய்ப்பு 70 சதவீதம் அளவுக்கு இருக்கிறது. அந்த இடத்தில் பத்துப் பதினைந்து சதவீதக் கணக்குப் பேசிக்கொண்டு இருக்கக்கூடாது.

நடக்கிறீர்களோ இல்லையோ, மார்பகப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள். தேசியத் திட்டத்தின்படி 30 முதல் 65 வயதுவரை உள்ள பெண்களுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பகத்தைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். சும்மா கையால் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். மும்பையில் 1.5 லட்சம் பெண்களிடம் இருபது வருடம் நடந்த டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பார்த்ததிலேயே நோய் முன்கூட்டிய நிலையில் சிக்கியது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் இந்நோயால் இறப்பவர்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தார்கள், 50க்குக் கீழே அந்த அளவு பலன் தெரியவில்லை. 47 வயதில், சித்திக்கு வந்திருக்கும் நிலையில், மேமோகிராம் எப்போது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை என்பதை ஒரு மருத்துவரிடம் நேரில் பேசி முடிவு செய்யுங்கள். முகாமுக்குத் தாமதமாக வருகிறவர்கள் சொல்வது கிட்டத்தட்ட ஒரே வாக்கியம்: "வலிக்கலையே, அதான் விட்டுட்டேன்." இந்தக் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலியில்லாத கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல்போல் புள்ளி புள்ளியாகத் தடிப்பது, காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, காம்பிலிருந்து ரத்தம், அக்குளில் கட்டி, இதில் எது இருந்தாலும் அந்த வாரமே போங்கள்.

கடைசியாக சித்தி. மார்பகப் புற்றுநோய் வந்த 2,987 அமெரிக்கச் செவிலியர்களைப் பார்த்து 2005ல் வந்த ஆய்வில், வாரம் 3 முதல் 5 மணி நேரம் சாதாரண வேகத்தில் நடப்பதற்குச் சமமாக இயங்கியவர்களுக்கு இந்நோயால் இறக்கும் ஆபத்து, வாரம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான நடைக்குச் சமமாக மட்டும் இயங்கியவர்களுக்கு இருந்ததில் ஏறத்தாழ பாதி. உடம்பு முடியாதவர்கள் நடக்க முடியாமல் இருந்திருப்பார்கள் என்ற சந்தேகம் இதிலும் உண்டு, அதனால் பாதி என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பெருங்குடல் புற்றுநோயில் 889 பேரிடம் நடந்த குலுக்கல் சோதனை 2025ல் வெளியாகி, சிகிச்சைக்குப் பிறகு முறையான பயிற்சி செய்தவர்களுக்கு நோய் திரும்புவது குறைகிறது என்று காட்டியது. மார்பகத்துக்கு அதுபோல் ஒன்று வரும்வரை, நல்லது செய்ய வாய்ப்பு அதிகம் என்று மட்டும் சொல்வேன். சித்தி சாப்பிடும் மாத்திரை லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோலாக இருக்கலாம். நான் மேலே சொன்ன கொழுப்பிலுள்ள அதே அரோமடேஸ் நொதியை மடக்கத்தான் அதைக் கொடுக்கிறார்கள். அதனால் மூட்டெல்லாம் வலிக்கும், பலர் அந்த வலியால் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக் கூடாது. இந்த மாத்திரையால் மூட்டு வலி வந்த 121 பெண்களிடம் செய்த சோதனையில், நடையும் எடை தூக்கும் பயிற்சியும் செய்தவர்களுக்கு வலி நன்றாகக் குறைந்தது. தொடங்குவதற்கு முன் அவருடைய புற்றுநோய் மருத்துவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எலும்பு உறுதியாக இருக்கிறதா, ரத்த சோகை இருக்கிறதா, கொடுத்த மருந்துகளில் இதயத்தைப் பாதிப்பது ஏதாவது இருந்ததா. சரி என்று சொன்னால் இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். வேகத்தை அவர் வைக்கட்டும். அவரை வீட்டில் விட்டுவிட்டு, உங்களுக்கு வேண்டிய வேகத்தில் இன்னொரு சுற்று நீங்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம்.